ஐயம் எங்கே நிற்க வேண்டும்: மன்னார்க் கரையும் காபன் கணக்கும்

(மன்னார் நகரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மையாக்கப்பட்டது.)



அறக்கட்டளையார் எனக்குத் தந்த தலைப்பு ‘புவி வெப்பமடைதல்: உண்மையா, வணிகமா?’ என்பது. ஒரே கேள்வி போலத் தோன்றும் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பூமி சூடேறுகிறதா, அதற்கு மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் காரணமா என்பது ஒன்று. அந்தச் சூட்டைத் தணிப்பதாகச் சொல்லிக்கொண்டு உலகச் சந்தையில் விற்கப்படும் காபன் வரவுகள், அதாவது காபன் கிரெடிட் என்று சொல்லப்படும் பத்திரங்கள், சொன்னதைச் செய்கின்றனவா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை அளவீடுகளில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, நடக்காமற்போன ஒன்றைப் பற்றிய ஊகத்தில் இருக்கிறது. காலநிலையைக் காப்பாற்றுகிறோம் என்று தம் ஊருக்குள் வந்த திட்டத்தைக் கண்டு சலித்த ஒருவர், காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்று முடிவு கட்டிவிடுவது எளிது. இரண்டாம் கேள்விக்கு உரிய ஐயத்தை அவர் முதற்கேள்வியின் மேல் ஏற்றிவிடுகிறார். மன்னார் மக்கள் ஐயப்படுவது சரி, அந்த ஐயம் போய் நிற்க வேண்டிய இடம் வெப்பமானியன்று, கணக்குப் புத்தகம் என்பதே நான் இன்று நிறுவ முயலும் கருத்து.

1. ஐயம் இங்கே வேர்விட்ட விதம்

நீங்கள் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். மன்னார்த் தீவின் தென்கரையோரமாக நிற்கும் தம்பபவனிக் காற்றாலை 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறன் கொண்ட 30 கோபுரங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது. அதற்குப் பின் இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு மன்னாரில் 250 மெகாவாட்டும் பூநகரியில் 234 மெகாவாட்டும் ஒதுக்கப்பட்டன. தீவில் மட்டும் மேலும் 52 கோபுரங்கள் வர இருந்தன. 2024இல் அதற்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் வேறு இரண்டு சிறிய திட்டங்கள், 50 மெகாவாட்டும் 20 மெகாவாட்டும், தொடர்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பணிகள் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு மீண்டும் தொடங்கின. செப்டெம்பர் இறுதியில் பொலிஸாருடன் மோதலும் அதைத் தொடர்ந்து ஹர்த்தாலும் நடந்தன.

அந்த நாட்களில் வைக்கப்பட்ட குறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். கோபுரங்களுக்குப் போட்ட வீதிகள் மழைநீர் வடியும் பாதைகளை மறித்து ஊருக்குள் வெள்ளத்தைத் தேக்குகின்றன என்றார்கள். கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்றார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழியில் சுழலிகள் நிற்கின்றன என்றார்கள். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் தீவுக்கு எதிர்க்கரையில்தான் இருக்கிறது. கனிய மணல் அகழ்வுக்காகத் தீவு துளையிடப்படும் அச்சமும் இதோடு சேர்ந்துகொண்டது. இவற்றுள் எந்தக் குறைக்கும் ‘பூமி சூடேறவில்லை’ என்ற கூற்று ஆதாரமாகத் தேவைப்படவில்லை. காற்று மின்சாரமே கூடாது என்று மன்னார்ப் பிரஜைகள் குழு சொல்லவும் இல்லை. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும், 130 சதுர கிலோமீற்றர் அளவேயான ஒரு மணல் தீவு இதைத் தாங்குமா என்றுதான் கேட்டார்கள். அளந்து காட்ட வேண்டிய கேள்விகள் இவை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமான அளவீட்டை மக்கள் முன் வைத்திருக்க வேண்டியது திட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் பொறுப்பு. அந்த இடம் வெறுமையாக விடப்பட்டதால்தான் அங்கே ஐயம் முளைத்தது, முளைத்தபின் பக்கத்து நிலத்துக்கும் பரவியது.

2. சூடேறுவது பற்றி

மன்னாரில் நின்று பேசுவோருக்கு மறுப்பு வாதம் ஒன்று இயல்பாகவே கைக்கு வரும். ‘காலநிலை எப்போதும் மாறிக்கொண்டே இருப்பது, கடல் முன்பும் ஏறி இறங்கியது, இராமர் அணைத் திட்டுகளே அதற்குச் சான்று’ என்பது அது. அதில் உண்மை உண்டு. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தரையாகக் கிடந்தது. பின்னர் பனி உருகி நீர் ஏறியது. ஆனால் இந்தச் சான்று மறுப்பாளருக்குத் துணை நிற்கவில்லை. இயற்கைக் காரணங்களால் பூமியின் சராசரி வெப்பம் நான்கைந்து பாகை ஏறப் பத்தாயிரம் ஆண்டளவு பிடித்தது. இப்போது ஒரு பாகைக்கு மேல் ஏறியிருப்பது ஒன்றரை நூற்றாண்டில், அதிலும் பெரும்பகுதி 1970களுக்குப் பின். சிறு வெப்ப மாற்றத்துக்கே கடல் இவ்வளவு அசைந்துகொடுக்கும் என்பதுதான் இராமர் அணைத் திட்டுகள் சொல்லும் செய்தி. அது அச்சத்தைக் கூட்ட வேண்டிய செய்தி.

‘சூரியன் காரணமாக இருக்கலாமே’ என்பது அடுத்த வாதம். 1978 முதல் செய்மதிகள் சூரிய ஆற்றலை நேரடியாக அளந்து வருகின்றன. பதினோராண்டுச் சுழற்சியின் ஏற்ற இறக்கம் தெரிகிறதே தவிர, இந்த வெப்ப உயர்வை விளக்கும் ஏறுமுகம் எதுவும் அதில் இல்லை. இன்னொரு சான்று இதைவிட வலியது. சூரியன் சூடாக்கினால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். காபனீரொட்சைட்டு சூடாக்கினால் கீழடுக்கு சூடேறி மேலடுக்கு குளிர வேண்டும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் கணக்கிட்டுச் சொன்னது இது. பின்னர் கருவிகள் கண்டதும் இதுவே. மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வளியில் சேர்ந்திருக்கும் காபன் இன்றைய மரஞ்செடிகளிலிருந்து வந்ததா, தொல்லுயிர் எரிபொருளிலிருந்து வந்ததா என்பதையும் அதன் சமதானிகளே சொல்லிவிடுகின்றன. தொல்லுயிர் எரிபொருளில் கதிரியக்கக் காபன் இராது. வளியில் அதன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே மரவளையங்களில் கண்டார். 1958இல் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐக் கடந்துவிட்டது.

இது மேற்கத்தையர் தம் வசதிக்குச் சோடித்த அறிவியல் என்பார்க்கு ஒரு தமிழரின் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் இராமநாதன், குளிர்சாதனங்களில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் காட்டினார். 1980இல் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து, இந்த வெப்ப உயர்வு 2000ஆம் ஆண்டளவில் இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகிவிடும் என்று முன்கூட்டிச் சொன்னார். அது அப்படியே நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே திகதியோடு சொல்லி, அந்தத் திகதியில் சோதிக்கப்பட்டு, தேறிய ஒரு கூற்றை ஐயுற வேண்டுமானால் அதற்கு ஈடான வேறு கணக்கைக் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சூடு நம் கடலுக்கும் வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெருமளவில் வெளிறின. எதிர்க்கரையில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து அளந்ததில், 2016 வெளிறலுக்கு முன் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு அதன்பின் 23 சதவீதத்துக்கு இறங்கியது. பாறை மீன்களின் நாற்றங்கால் அது. நிலத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். தீவின் கிணற்று நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓரடி நின்றால் அதன் கீழ் நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது கரையோர நிலத்தடி நீரியலின் பழைய விதி. அந்தக் கணக்கு மறுபுறமும் வேலை செய்யும். தாழ்ந்த மணல் தீவில் கடல் சிறிது ஏறினாலும் வில்லை மெலியும். வெப்பமாதலை நம்பாமல் இருந்து அது உண்மையாகிவிட்டால், கொழும்பைவிட, இலண்டனைவிட, முதலில் இழக்கப்போவது இத்தீவின் எருக்கலம்பிட்டியும் பேசாலையும். ஆகவே அறிவியலை மறுக்கும் ஆடம்பரம் இக்கரைக்கு இல்லை.

3. காபன் வரவு என்னும் சரக்கு

இனி, ஐயம் நிற்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 1997 கியோட்டோ உடன்படிக்கை செல்வந்த நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்தது. வரம்பை மீறும் நாடோ நிறுவனமோ, வரம்பில்லாத நாட்டில் ஒரு தூய திட்டத்துக்குப் பணம் கொடுத்து, அங்கே தவிர்க்கப்பட்ட உமிழ்வைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ‘தூய அபிவிருத்திப் பொறிமுறை’ ஏற்பட்டது. இலங்கையின் சிறு நீர்மின் திட்டங்கள் சிலவும் அதில் பதிவாயின. ஒரு வரவு என்பது தவிர்க்கப்பட்ட ஒரு தொன் காபனீரொட்சைட்டு. ஒரு திட்டம் எவ்வளவு உமிழ்ந்தது என்பதை அளக்கலாம். ‘இந்தத் திட்டம் வராதிருந்தால் எவ்வளவு உமிழப்பட்டிருக்கும்’ என்பதை எவராலும் அளக்க முடியாது. அதை எழுதித்தான் காட்ட வேண்டும். விற்கப்படுவது இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

பேசாலைக் கரையில் பிடித்த மீனை நிறுத்து ஏலம் விடலாம். பிடிக்காமல் கடலில் விட்ட மீனை நிறுக்கத் தராசு கிடையாது. நம் தருக்க மரபு இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தது. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் காண்டல், கருதல் முதலிய அளவைகளோடு அபாவமும் எண்ணப்படுகிறது. இல்லாததை இல்லை என்று அறியும் அளவை அது. இந்த அறையில் யானை இல்லை என்பதை அபாவத்தால் அறியலாம். இந்த மண்டபம் கட்டப்படாதிருந்தால் இங்கே எத்தனை யானைகள் நின்றிருக்கும் என்பதை எந்த அளவையும் சொல்லாது. காபன் வரவுச் சந்தை கேட்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான். அதைச் சொல்லும் பொறுப்பை அது ஒப்படைத்திருப்பதோ, எண் பெருத்தால் இலாபம் பெறுகிறவரிடம். விற்பவருக்கும் அதிகம் வேண்டும், வாங்குபவருக்கும் மலிவாக அதிகம் வேண்டும், சரிபார்ப்பவருக்குக் கூலி கொடுப்பவர் திட்டக்காரர். மூவரில் எவருக்கும் எண்ணைக் குறைக்கும் அக்கறை இல்லை.

இந்த அமைப்பு என்ன விளைவித்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. குளிரூட்டி வாயு ஒன்றைச் செய்யும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வெளிவரும். அதில் ஒரு தொன்னை அழித்தால் 11,700 வரவுகள் கிடைத்தன. சீனத்திலும் இந்தியாவிலும் சில ஆலைகளுக்குத் தாம் செய்யும் சரக்கைவிடக் கழிவை அழிப்பது இலாபமாகிவிட்டது. அழிப்பதற்காகவே கழிவு பெருக்கப்படுகிறதோ என்ற கேள்வி எழுந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அந்த வரவுகளைத் தன் சந்தையில் தடைசெய்தது. ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் 2016இல் செய்த ஆய்வு, தூய அபிவிருத்திப் பொறிமுறைத் திட்டங்களில் 85 சதவீதம் உண்மையில் கூடுதல் குறைப்பைத் தந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்றது. 2023இல் மழைக்காட்டு வரவுகள் பற்றி வந்த ஆய்வுகளும் பத்திரிகைப் புலனாய்வுகளும் வேறு துறையில் அதே முடிவுக்கு வந்தன.

நமக்கு நெருங்கிய சான்று இந்தியக் காற்றாலைகள். ரஃபேல் கேலலும் வேறு மூவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 1,350 காற்றாலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. வழங்கப்பட்ட வரவுகளில் குறைந்தது 52 சதவீதம், அந்தப் பணம் வராமலே கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்குப் போயின என்று கண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனவர்களுக்கு இது வியப்பைத் தராது. முப்பந்தலில் காற்றாலைகள் கியோட்டோவுக்கு முன்பே, வருமானவரித் தேய்மானச் சலுகைக்காக நூற்பாலை முதலாளிகளால் நிறுத்தப்பட்டவை. காற்றும் சலுகையும் ஏற்கனவே கட்டவைத்த ஒன்றைக் காபன் பணம் கட்டவைத்ததாக எழுதிய இடத்திலெல்லாம், ஐரோப்பாவில் ஓர் ஆலை அந்த எழுத்தைக் காட்டி ஒரு தொன் கூடுதலாக உமிழ்ந்தது. அந்தத் தொன் ஊகம் அன்று. அது வளியில் இருக்கிறது.

4. மன்னார்க் காற்றின் மூன்று கணக்குகள்

இதை நம் தீவின் காற்றில் வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக, 100 மெகாவாட் காற்றாலை ஒன்று ஆண்டில் தன் முழுத்திறனில் 40 சதவீதம் இயங்குகிறது என்று கொள்ளுங்கள். ஆண்டுக்கு 35 கோடி அலகு மின்சாரம். அந்த மின்சாரம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியை மிச்சப்படுத்தியிருந்தால், அலகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் மூன்றரை இலட்சம் தொன் தவிர்க்கப்பட்டது. எண்ணெய் நிலையத்தை நிறுத்தியிருந்தால் அது இரண்டரை இலட்சம் தொன்னுக்கும் குறையும். நீர்மின்னை இடம்பெயர்த்து, அணை நிரம்பி நீர் வழிந்தோடியிருந்தால் தவிர்க்கப்பட்டது ஏதுமில்லை. காற்றாலை ஒன்றே, காற்றும் ஒன்றே, வரவு மட்டும் மூன்று.

எது உண்மை என்பது பருவத்தைப் பொறுத்தது. மன்னாரில் காற்று உரத்து வீசுவது சோளகத்தில், மே முதல் செப்டெம்பர் வரை. அதே தென்மேற்குப் பருவம்தான் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டி காசல்ரீயையும் மவுஸ்ஸாக்கலையையும் நிரப்புகிறது. நம் காற்று மின்சாரம் உச்சத்துக்கு வரும் மாதங்களும் நாட்டின் நீர்மின் உச்சத்துக்கு வரும் மாதங்களும் பெரிதும் ஒன்றிவிடுகின்றன. இதற்கு நியாயமான மறுமொழி ஒன்று உண்டு. காற்று இருக்கும்போது அணைநீரைச் சேமித்து வைத்து, வரட்சியான பெப்ரவரி, மார்ச்சில் விட்டு எண்ணெயை மிச்சப்படுத்தலாம். சரிதான், ஆனால் அணையில் இடமிருக்கும் வரைதான் அது சரி. எந்த மணியில் எந்த நிலையம் குறைத்து ஓட்டப்பட்டது என்ற பதிவு கையில் இருந்தால் உண்மையான எண்ணை நெருங்கலாம். சந்தையின் வாய்பாடு அவ்வளவு தூரம் போவதில்லை. காற்றாலைகளுக்கு, இயங்கும் நிலையங்களின் சராசரிக்கு 75 பங்கும் இனிக் கட்டப்படக்கூடிய நிலையங்களின் சராசரிக்கு 25 பங்கும் என்று ஒரு விகிதத்தை வைத்து நாடு முழுவதுக்கும் ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது.

‘காபன் பணம் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே வராது’ என்ற அடிப்படைக் கூற்றையும் மன்னார் ஏற்கனவே சோதித்துவிட்டது. 2024இல் அதானி நிறுவனத்தோடு பேசி முடித்த விலை அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், இருபது ஆண்டுகளுக்கு. போட்டிக் கேள்விமனு கோரப்பட்டபோது, இதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு ஓர் உள்நாட்டு நிறுவனம் 4.65 சதத்துக்கு ஒப்புக்கொண்டது. இரண்டு திட்டங்களின் பருமனும் பொறுப்புகளும் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் எடுத்தபின்பும் இடைவெளி பெரிது. மன்னார்க் காற்று 4.65 சதத்துக்கே கட்டுபடியாகும் என்று முதலீட்டாளர் ஒருவர் கையொப்பமிட்ட பிறகு, இங்கே வரும் எந்தக் காற்றாலையும் காபன் வரவு இல்லாமல் எழும்பாது என்று வாதிடுவது கடினம். அப்படி வாதிட்டு வரவு விற்கப்பட்டால், வாங்கிய ஊரில் கூடுதலாக உமிழப்படும் புகைக்கு மன்னாரின் பெயர் மறைப்பாகப் பயன்படும். நம் கரையைத் தந்து, வெள்ளத்தைத் தாங்கி, கடைசியில் பூமியும் குளிரவில்லை என்றால் அந்தத் தியாகம் எதற்கு என்று கேட்கும் உரிமை இத்தீவாருக்கு உண்டு.

5. சந்தை வெற்றி பெற்ற இடங்களை என்ன செய்வது?

வணிக முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. கனடியப் பொருளியலாளர் ஜே. எச். டேல்ஸ் 1968இல் முன்வைத்த எண்ணம், மாசுக்கு வரம்பிட்டு அதற்குள் உரிமங்களை விற்கவும் வாங்கவும் விடலாம் என்பது. அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமில மழைக்குக் காரணமான கந்தகவீரொட்சைட்டுக்கு அதைச் செய்து பார்த்து வெற்றி கண்டது. 2005இல் தொடங்கிய ஐரோப்பியச் சந்தை, முதற்கட்டத்தில் அளவுக்கு மிஞ்சி உரிமங்களைக் கொடுத்து, 2007இல் விலை ஏறத்தாழ பூச்சியமாகி அவமானப்பட்டது. பின்னர் வரம்பை இறுக்கியது. 2023அளவில் அதன் மின்னிலையங்களும் ஆலைகளும் உமிழ்ந்தது 2005ஐவிட 47 சதவீதம் குறைவு. கியோட்டோ வரவுகளை அச்சந்தை 2021 முதல் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் மின்னிலையப் புகைபோக்கியில் இடைவிடாது அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் ஒவ்வோர் ஆலையும் எரித்த எரிபொருளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் மொத்தத்துக்குச் சட்ட வரம்பு இருந்தது, வணிகம் அந்த வரம்புக்குள் நடந்தது. அங்கே கைமாறியது உமிழ்ந்த தொன். காபன் வரவுச் சந்தையில் கைமாறுவது உமிழாத தொன். ஆகவே முதல்வகையின் வெற்றியைக் காட்டி இரண்டாம் வகைக்கு நற்சான்று கேட்பவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் தொன்னை எந்தக் கருவி அளந்தது?

6. கண்டலும் காணியும்

அடுத்த சுற்றில் மன்னாருக்கு வரப்போவது ‘நீலக் காபன்’ என்று நினைக்கிறேன். விடத்தல்தீவின் கண்டலும் பாக்கு நீரிணையின் கடற்புல் படுகைகளும் சேற்றுக்குள் காபனைப் புதைத்து வைப்பவை. அதில் ஐயமில்லை. 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட விடத்தல்தீவில் ஒரு பகுதியை நீருயிர் வளர்ப்புக்காக விடுவிக்க 2024இல் வர்த்தமானி வந்ததை நாம் பார்த்தோம். ‘பணம் கிடைத்தால்தானே கண்டல் தப்பும், வரவு விற்று வரும் காசை ஏன் மறுக்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும்.

நிலைபேறு முதலாவது தடை. நிலக்கரியிலிருந்து வெளிவந்த காபனீரொட்சைட்டின் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வளியில் இருக்கும். கண்டலில் புதைந்தது கண்டல் நிற்கும் வரை. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி தலைமன்னார் இறங்குதுறையையும் சிதைத்துப்போட்டது. அப்படி ஓர் இரவு போதும். வெட்டுமரமும் இறால் பண்ணையும் அதைவிட மெதுவாக அதே வேலையைச் செய்யும். நிரந்தரமான கடனைத் தற்காலிகமான வைப்பால் தீர்த்ததாக எழுதுவது கணக்காகாது.

உடைமை இரண்டாவது. இங்கேதான் மன்னாரின் காயம் இருக்கிறது. வரவை விற்க, ‘இந்த நிலம் என்னுடையது’ என்று ஒருவர் ஒப்பமிட வேண்டும். 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், போரில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழர்கள், 2009க்குப் பின் திரும்பி வந்தபோது காடு மண்டிக் கிடந்த தம் காணிகள் வனத் திணைக்களத்தின் வரைபடத்தில் ஏறியிருக்கக் கண்டார்கள். 2017இல் மாவில்லு வனம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது முசலிப் பகுதியில் எழுந்த கொந்தளிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. வில்பத்தின் காட்டைக் காப்பதும், வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்கு நிலத்தைத் திருப்பித் தருவதும் ஒன்றோடொன்று மோதும் கடினமான கேள்வி. அதற்கு நீதியான விடை காண இன்னும் பல ஆண்டுப் பேச்சு தேவை. அந்தப் பேச்சு முடியுமுன், காடாக நின்றால் மட்டும் காசு என்று ஒரு வெளிநாட்டு வாங்குபவர் வந்து சேர்ந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கண்டலைக் காக்கக் காசு வேண்டும் என்றால், அதைக் கரை காப்பதற்கும் இறால் குஞ்சு வளர்வதற்குமான கூலியாகத் தரலாம், செல்வந்த நாடுகள் காலநிலை இழப்பீடாகத் தரலாம். பதிலுக்கு எவருக்கும் உமிழும் உரிமை எழுதிக் கொடுக்காத காசாக அது இருந்தால் போதும்.

7. சிறிய நாடு என்ற வாதம்

கடைசியாக, மிகவும் அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு: ‘இலங்கையர் ஒருவரின் ஆண்டு உமிழ்வு ஏறத்தாழ ஒரு தொன், அமெரிக்கர் ஒருவருடையது பதினான்கு தொன் அளவில், நாம் ஏன் சுமக்க வேண்டும்?’ இந்தக் கோபத்துக்கு மதிப்புள்ள முன்னோர் உண்டு. 1991இல் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூல், ஏழையின் வயலிலிருந்து வரும் மீதேனையும் பணக்காரரின் மகிழுந்துப் புகையையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்று வாதிட்டது. அவர்கள் வெப்பமாதலை மறுக்கவில்லை என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். அறிவியலை ஏற்றுக்கொண்டதால்தான், பங்கீட்டில் உள்ள அநீதியை எண்ணால் காட்ட அவர்களால் முடிந்தது. சூடேறவில்லை என்று சொல்லிவிட்டால் இழப்பீடு கேட்க நமக்கு வழக்கே இல்லாமற்போகும்.

அதே காரணத்தால் வரவு விற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2015 பாரிஸ் உடன்பாட்டின் ஆறாம் உறுப்பு நாடுகளிடையே குறைப்புகளைக் கைமாற்ற இடம் தந்தது. அதன் விதிகள் 2024இல் பாகுவில் முழுமையாக்கப்பட்டன. இலங்கை 2022 ஒக்டோபரில் ஜப்பானோடு ஒரு கூட்டு வரவுப் பொறிமுறையில் கையெழுத்திட்டிருக்கிறது. இந்தப் புதிய விதிகளில், கைமாற்றிய தொன்னை விற்ற நாடு தன் கணக்கில் காட்ட முடியாது. இரட்டைக் கணக்கைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆனால் 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாக நாம் உலகுக்கு உறுதி கொடுத்திருக்கிறோம். மன்னார்க் காற்று போன்ற மலிவான குறைப்புகளை விற்றுவிட்டால், நம் உறுதியை நிறைவேற்ற எஞ்சுபவை விலையுயர்ந்த குறைப்புகள். மலிவு வாங்கியவருக்கு, விலையுயர்ந்தது நமக்கு. ஒரு ஆளுக்கு ஒரு தொன் உமிழும் நாடு பதினான்கு தொன் உமிழும் நாட்டுக்குத் தரும் மானியமாக அது முடியும்.

ஆகவே ஐயப்படுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன், ஆனால் கருவி எடுத்துக்கொண்டு ஐயப்படுங்கள். இங்கே இருக்கும் பாடசாலைகள் மழைமானியும் கிணற்று உவர்ப்பு அளவும் கொண்டு ஊர்வாரியாகப் பதிவு வைக்கலாம். வெள்ளத்துக்கு வீதி காரணமா, மழை காரணமா என்பதை அந்தப் பதிவு பிரித்துக் காட்டும். நடுக்குடா உபநிலையம் வழியாக வெளியேறும் ஒவ்வொரு மணி மின்சாரத்தின் கணக்கையும், அதே மணியில் நுரைச்சோலையும் எண்ணெய் நிலையங்களும் எவ்வளவு ஓடின என்பதையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மின்துறையிடம் கேட்கலாம். அடுத்த காற்றாலைக்கோ கண்டல் நடுகைக்கோ ஒப்பந்தம் எழுதப்படும் நாளில், அங்கே குறையும் தொன்கள் எந்த நாட்டின் கணக்கில் ஏறும், என்ன விலைக்கு ஏறும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். மாவட்டச் செயலகத்தில் கேட்கும் எவருக்கும், கையொப்பம் விழுவதற்கு முன்பே, அதை வாசிக்கக் கொடுக்க வேண்டும்.